காசில் பொறித்த செடியும் காலடி மண்ணும்

ஆசிரியர் உரை

கொலம்பியா 2012இல் தன் நாணய வரிசையைப் புதுப்பித்தது. 50 பெசோவில் ஆண்டிஸ் மலைக் கரடி, 200இல் பஞ்சவர்ணக்கிளி, 500இல் கண்ணாடித் தவளை, 1000இல் கடலாமை. எஞ்சிய 100 பெசோவில் மட்டும் ஒரு செடி. தடித்த ஒற்றைத் தண்டு, அதன் உச்சியில் வெள்ளிப் பஞ்சு ஒட்டியது போன்ற இலைக்கொத்து, கீழே உதிராமல் தொங்கும் காய்ந்த இலைகளின் போர்வை. உள்ளூரில் அதை ஃபிரைலெஹோன் என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் ‘ஃபிரைலே’ என்றால் துறவி. மூடுபனிக்குள் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அங்கி போர்த்திய துறவிகள் கூட்டமாக நிற்பதுபோலத் தெரியுமாம். ‘பெருந்துறவி’ என்ற பெயர் அப்படி வந்தது.

தாவரவியலில் இதன் பேரினம் எஸ்பெலெத்தியா, சூரியகாந்திக் குடும்பம். பொகோட்டாவில் இருந்துகொண்டு அரச தாவரவியல் பயணத்தை நடத்திய ஹோசே செலெஸ்தீனோ மூத்திஸ், அப்போதைய வைசிராய் எஸ்பெலெத்தாவின் நினைவாக வைத்த பெயர் அது. அச்சில் ஏற்றியவர்கள் ஹம்போல்ட்டும் போன்பிளானும், 1808இல். வெனிசுவேலா, கொலம்பியா, வடக்கு ஈக்வடார் ஆகிய நாடுகளில், மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கும் நிலையான பனிக்கும் இடைப்பட்ட ‘பாராமோ’ எனும் குளிர்ப் புல்வெளிதான் இதன் வீடு. ஏறத்தாழ 3,000 மீட்டரில் தொடங்கி 4,500 மீட்டர்வரை ஏறும் நிலம்.

பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு செடியைப் பற்றி, மலைப் புல்வெளி மீட்புப் பணி செய்பவர்களுக்கான தமிழ் இதழ் ஏன் எழுத வேண்டும்? அந்தச் செடியைச் சுற்றி வளர்ந்துவிட்ட ஒரு நம்பிக்கைதான் காரணம். ஃபிரைலெஹோன் ‘தண்ணீரைச் செய்கிறது’ என்று பள்ளிப் பாடம் முதல் சுற்றுலாப் பலகை வரை சொல்லப்படுகிறது. பனியைப் பிடித்து, தண்டில் தேக்கி, வேர்வழி சொட்டுச் சொட்டாக விட்டு ஆறுகளைப் பிறப்பிக்கிறதாம். கேட்க அழகாக இருக்கிறது. பணம் திரட்டவும் எளிது. ஆனால் களப்பணியை இந்தக் கதையை நம்பித் திட்டமிட்டால் பாராமோவைத் தொலைத்துவிடுவோம் என்பதே இவ்வுரையில் நாம் சொல்ல வருவது. நம் மலைகளிலும் இதே கதை வேறு செடிகளின் பெயரில் நடக்கிறது.

முதலில் செடி தண்ணீரை என்ன செய்கிறது என்று பார்ப்போம். பாராமோவில் ஒரே நாளில் கோடையும் பனிக்காலமும் வந்துபோகும். இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும். விடிந்ததும் மெல்லிய காற்றைத் துளைத்துக்கொண்டு வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்தக் காலை நேரத்தில்தான் சிக்கல். இலை வெயிலில் நீரை இழக்கத் தொடங்கிவிட்டது. மண்ணோ இன்னும் சில்லென்று இருக்கிறது, வேர் நீரை உறிஞ்சத் திணறுகிறது. கையில் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாத நிலை.

இந்த இடைவெளியைக் கடக்கத்தான் தண்டின் நடுவிலுள்ள சோற்றுப் பகுதி. 1980களில் வெனிசுவேலாவின் மெரிடா மலைகளில் கோல்ட்ஸ்டைன், மைன்சர், மோனாஸ்தேரியோ ஆகியோர் பல இனங்களை ஒப்பிட்டு அளந்தார்கள். மேலே போகப் போக, இலைப் பரப்போடு ஒப்பிடுகையில் சோற்றின் அளவு கூடியது. அதில் தேங்கும் நீர் அந்தச் செடியின் தாகத்தைச் சில மணி நேரம் தாங்கும். அவ்வளவுதான். அது செடி தன் காலைப் பொழுதுக்காக வைத்திருக்கும் கூஜா. ஊருக்குத் தண்ணீர் விடும் மேல்நிலைத் தொட்டி இல்லை.

தொங்கும் காய்ந்த இலைகளுக்கும் இதில் பங்குண்டு. ஆலன் ஸ்மித் 1979இல் வெளியிட்ட சோதனை ஒன்றில் எஸ்பெலெத்தியா ஷுல்ட்ஸியி செடிகளின் காய்ந்த இலைப் போர்வையை உரித்து எடுத்தார். போர்வை இழந்த செடிகள் மடிந்தன. இரவுக் குளிரில் தண்டுக்குள் இருக்கும் நீர் உறையாமல் காப்பது அந்தச் ‘சருகு’தான். தண்டு குளிர்ந்துவிட்டால் கூஜாவில் நீர் இருந்தும் பயனில்லை. பூங்காவைத் துப்புரவு செய்கிறோம் என்று காய்ந்ததைக் கழிக்கும் நல்லெண்ணம் எவ்வளவு கேடு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. இலையின் மேலுள்ள வெள்ளை மயிர்ப்போர்வையும் இப்படித்தான்: குளிர்ந்த காற்றிலிருந்து இலையைப் பிரித்து வைத்து, வெயிலில் அதைச் சற்றே சூடாக்கிக் கொடுக்கிறது.

ஆக, இந்தச் செடியின் திறமை முழுவதும் சிக்கனத்தில் இருக்கிறது. நீரைக் குறைவாகச் செலவழிக்கிறது; மேகம் மூடிய நாட்களில் இன்னும் குறைவாக. இலைகளில் படியும் பனித்துளி தரையில் விழுவதும் உண்மையே. ஆனால் ஆண்டு முழுதும் பெய்யும் மழையும் தூறலும் சேர்ந்த மொத்தக் கணக்கில் அந்தத் துளிகளை மட்டும் காட்டி ஆறு பிறந்தது என்று சொல்ல முடியாது.

இதற்கு வரைபடமே சாட்சி. ஈக்வடாரின் குவெங்கா நகரம் தன் குடிநீருக்கு எல் காஹாஸ் பகுதியின் பாராமோவை நம்பியிருக்கிறது. கீட்டோவுக்கு அந்திசானா போன்ற எரிமலைகளின் அடிவார பாராமோக்கள். இந்த இடங்களில் ஃபிரைலெஹோன் கிடையாது. அந்நாட்டில் அது வடக்கே எல் ஆங்ஹெல் பக்கமும், ஒதுங்கிக் கிடக்கும் யாங்கானாத்தெஸ் மலையிலும்தான் இருக்கிறது. செடிதான் தண்ணீரைத் தருகிறது என்றால் குவெங்காவும் கீட்டோவும் எப்போதோ வறண்டிருக்க வேண்டும்.

தண்ணீரைத் தேக்குவது மண். ஆண்டிஸின் இந்தப் பகுதியில் பல இடங்களில் எரிமலைச் சாம்பல் படிந்திருக்கிறது. குளிரும் ஈரமும் சேர்ந்து தாவரக் கழிவு மட்குவதை மெதுவாக்குகின்றன. சாம்பலின் கனிமங்களோடு மட்கு இறுகப் பிணைந்து, கறுத்த, லேசான, கடற்பஞ்சு போன்ற மண் உருவாகிறது. நன்கு நனைந்த நிலையில் அதன் கன அளவில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நீராகவே இருக்கக்கூடும். அதன் மேல் குத்துப்புல், பாசி, சிறு புதர்கள். எல்லாமே குறைவாக நீர் குடிப்பவை. மழை நிறைய, செலவு குறைவு, நடுவில் பெரிய பஞ்சு: பாராமோ ஆற்றைக் கோடையிலும் ஓடவிடுவது இந்தக் கணக்கால்தான்.

அந்தப் பஞ்சுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் பழைய அளவுக்கு மறுபடி நீரைப் பிடிக்காது. மேற்பரப்பு நீரை ஒட்டவிடாமல் தள்ளவும் தொடங்கும். உருளைக்கிழங்குக்காக உழுது புரட்டுவது, ஈரத்தை வடிக்க வாய்க்கால் வெட்டுவது, மேய்ச்சலுக்காகத் தீ வைப்பது, மாடுகள் மிதித்து இறுக்குவது என எல்லாமே மண்ணை வெயிலுக்குத் திறந்துவிடும் வேலைகள். இந்த இழப்பு புகைப்படத்தில் தெரியாது. செடி எரிந்தால் நாடே பார்க்கும்; மண் காய்ந்தால் பார்ப்பவர் இல்லை.

2024 ஜனவரியில் கொலம்பியாவின் சான்டான்டர் மாநிலத்தில் பெர்லின் பாராமோ எரிந்தபோது கரிந்த ஃபிரைலெஹோன்களின் படங்கள் உலகெங்கும் போயின. மனம் பதறத்தான் செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பொகோட்டாவில் தண்ணீர்ப் பங்கீடு தொடங்கியது. நகரின் குடிநீரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தரும் சிங்காசா பாராமோ அமைப்பின் நீர்த்தேக்கங்கள் எல் நீன்யோ வறட்சியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தன. நகரை மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்து 24 மணி நேரம் குழாயை அடைத்தார்கள். 2025 ஏப்ரல் வரை அது நீடித்தது. இத்தகைய நாட்களில் நல்ல மனம் கொண்டவர்கள் கேட்பது ஒன்றுதான்: ‘எத்தனை ஃபிரைலெஹோன் நடலாம்?’ கேள்வி நேர்மையானது. பதில் சொல்ல வேண்டிய நாம்தான் தயங்காமல் திருப்பிக் கேட்க வேண்டும்: எந்த ஃபிரைலெஹோன், எந்த மண்ணில், எதை அகற்றிய பிறகு?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஃபிரைலெஹோன் என்பது ஒரே செடி இல்லை. 140 இனங்களுக்கு மேல் எண்ணப்பட்டிருக்கின்றன. அவற்றில் பல, ஒரு மலைத்தொடரின் ஒரு பகுதியைத் தாண்டி எங்குமே இல்லாதவை. காரணம் விதையில் இருக்கிறது. நம் வயல்வரப்பில் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான். அதன் விதை பஞ்சுக்குடையை விரித்துக் காற்றில் பறந்துபோவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எஸ்பெலெத்தியாவின் விதைக்கு அந்தக் குடை இல்லை. தாய்ச்செடியின் காலடியிலேயே விழுகிறது. இரண்டு சிகரங்களுக்கு இடையே ஒரு பள்ளத்தாக்கு இருந்தால் அதுவே கடல். அதனால் ஒவ்வொரு மலையும் தன் துறவியைத் தானே வளர்த்துக்கொண்டது. ஏறத்தாழ 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்குள் இத்தனை வகைகளும் பிரிந்தன என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. பரிணாமக் கணக்கில் இது நேற்று நடந்தது போல.

நேற்று பிரிந்த உறவு என்பதால் கலப்பும் எளிது. அருகருகே வளரும் இனங்கள் கலந்து பிறந்த செடிகள் காட்டிலேயே உண்டு. ஒரு மலையின் விதையை நாற்றங்காலில் வளர்த்து இன்னொரு மலையில் நட்டால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். ஆயிரம் செடி நட்ட பெருமையோடு, அந்த மலைக்கே உரிய ஓர் இனத்தின் தனித்தன்மையைக் கரைத்துவிட்ட பழியும் வந்து சேரும்.

பெயர் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கட்டலோனியாவில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தச் செடிகளுக்குக் கொடுத்த ஹோசே குவாத்ரெகாசாஸ், 1970களில் பழைய எஸ்பெலெத்தியாவைப் பல பேரினங்களாகப் பிரித்தார். எஸ்பெலெத்தியாப்சிஸ், கோயெஸ்பெலெத்தியா, ரூய்லோபேசியா என்று புதுப்பெயர்கள் வந்தன. அவருடைய பெருநூல் அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து 2013இல்தான் வெளியானது. அதற்குள் மரபணுச் சான்று வேறு கதை சொல்லத் தொடங்கியிருந்தது: இந்தப் பிரிவுகளில் பல ஒரே கால்வழியாக நிற்கவில்லை, தோற்றத்தைவிட நிலவியல்தான் உறவைத் தீர்மானித்திருக்கிறது. ஹெசுஸ் மவாரெஸ் 2019இல் வெனிசுவேலா இனங்களைத் திரும்ப எஸ்பெலெத்தியாவுக்குள் கொண்டுவந்து திருத்தம் வெளியிட்டார். இதனால் ஒரே செடி ஒரு நூலில் கோயெஸ்பெலெத்தியா திமோத்தென்சிஸ், இன்னொன்றில் எஸ்பெலெத்தியா திமோத்தென்சிஸ். எந்தப் பெயர் சரி என்று வகைப்பாட்டியலார் வாதிடட்டும். களத்தில் வேலை செய்பவருக்குத் தேவை ஒரு பழக்கம்: விதை எடுத்த செடியின் மாதிரியை உலர்த்தித் தாவரச் சேகரிப்பகத்தில் வைப்பது. நாளை பெயர் மாறினாலும் எதை நட்டோம் என்று திரும்பிப் பார்க்க அது ஒன்றே வழி.

புதிய இனங்களும் வந்தபடி இருக்கின்றன. 2017இல் வடகிழக்குக் கொலம்பியாவிலிருந்து விவரிக்கப்பட்ட எஸ்பெலெத்தியா பிரெசிதென்திஸ், அந்நாட்டின் அமைதி முயற்சிக்காக அப்போதைய குடியரசுத் தலைவர் ஹுவான் மானுவேல் சான்தோஸைச் சிறப்பிக்கும் பெயர். பல பாராமோக்களில் உள்நாட்டுப் போர் நடந்ததால் ஆய்வாளர் கால் வைக்க முடியாமல் இருந்த காலம் நீண்டது. இன்னும் பெயரே வைக்காத செடி நிற்கும் மலையில் வெளியூர் நாற்றைக் கொண்டுபோய் ஊன்றுவது, படிக்காத ஓலைச்சுவடியின் மேல் எழுதுவதற்குச் சமம்.

இரண்டாவது கேள்வி மண். மூன்றாவது கேள்வி, எதை அகற்றுவது. இவை இரண்டும் உண்மையில் ஒன்றே. மெரிடா மலைகளின் உழவர்கள் உருளைக்கிழங்கு எடுத்தபின் நிலத்தைப் பல ஆண்டு தரிசாக விடும் வழக்கம் உள்ளவர்கள். அந்தத் தரிசில், பக்கத்தில் விதை தரும் செடிகள் இருந்தால், எஸ்பெலெத்தியா ஷுல்ட்ஸியி தானாகவே திரும்ப வருகிறது. யாரும் நடுவதில்லை. இதில் இரண்டு பாடங்கள். ஒன்று, உழுவதையும் மேய்ப்பதையும் நிறுத்திக் காத்திருப்பதே பல இடங்களில் போதும். மற்றது சற்று கசப்பானது: ஃபிரைலெஹோன் அடர்ந்து நிற்பதாலேயே அந்த நிலம் தொடப்படாதது என்று முடிவு கட்டக்கூடாது. செடி திரும்பிவிட்டது, அடியில் உள்ள மண் திரும்பிவிட்டதா என்பது தனிக்கேள்வி. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது; தோண்டி அளக்க வேண்டும்.

கொலம்பியச் சட்டம் இந்த வகையில் செடியைத் தாண்டிப் பார்த்திருக்கிறது. 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் பாராமோவில் சுரங்கத்துக்கு இருந்த விதிவிலக்கை நீக்கியது. 2018இல் வந்த 1930ஆம் எண் சட்டம் பாராமோவை ஒரு முழு அமைப்பாகக் காக்க முனைகிறது. சுரங்கத்தையும் எண்ணெய்த் துரப்பணத்தையும் தடுக்கும் அதே சட்டம், அங்கே தலைமுறைகளாக வாழும் உழவர்களையும் கணக்கில் எடுக்கிறது. பாதிப்புக் குறைந்த வேளாண்மைக்கு இடம் விடுகிறது. காசில் செடி மட்டும்தான் இருக்கிறது. மலையில் மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாய்க்காலை அடைத்து, தீயை நிறுத்தி, மாட்டைக் கீழே இறக்காமல் எந்த நாற்றும் தங்காது. உயர்ந்த இடங்களில் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டரே வளரும் என்று சொல்லப்படும் செடி இது. நாம் நடுவது நம் பேரன் பேத்திகளின் இடுப்பு உயரத்துக்கு வந்தால் உண்டு.

இப்போது நம் மலைக்கு வருவோம். நீலகிரியின் புல்வெளி ‘வெறும் நிலம்’ என்று கருதப்பட்டுக் கற்பூர மரமும் சீகையும் நடப்பட்ட வரலாறு இந்த இதழின் வாசகர்களுக்குப் புதிதில்லை. உதகமண்டலத்தின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் கிளென்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை அருகருகே வைத்து அளந்தது. புல்வெளியில் கற்பூர மரம் நட்டதில், முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடைநீர் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. வெட்டித் துளிர்க்கவிட்ட இரண்டாம் சுற்றில் இழப்பு இன்னும் கூடியது. தெற்கு ஈக்வடாரில் பாராமோவில் பைன் நட்ட நீர்ப்பிடிப்புகளை வூட்டர் பைட்டார்ட் குழு அளந்தபோது நீர்வரத்து ஏறத்தாழப் பாதியானது தெரிந்தது. கண்டம் வேறு, மரம் வேறு, தவறு ஒன்றே. மலையில் பச்சையாக எது நின்றாலும் தண்ணீர் பெருகும் என்ற எண்ணம்தான் அது.

அந்தத் தவறைத் திருத்தப் புறப்பட்ட நாமும் இப்போது செடிக்கணக்கில் விழுந்துவிடும் ஆபத்தில் இருக்கிறோம். சீகையை அகற்றிய இடத்தில் எத்தனை புல் நாற்று, எத்தனை சோலை மரக்கன்று என்பதுதான் அறிக்கையின் முதல் வரி. நாற்றைத் தூக்கி நடுபவரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. எண்ணுவதற்கு அதுவே எளிதாக இருப்பதால் அதையே எண்ணுகிறோம். மேல் மண் எத்தனை அங்குலம் மிஞ்சியிருக்கிறது, கோடையில் எத்தனை ஆழத்தில் ஈரம் தட்டுப்படுகிறது, பக்கத்துச் சதுப்பின் ஊற்று எந்த மாதத்தில் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. இவற்றை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு மண்வெட்டி, ஒரு அளவுகோல், தவறாமல் எழுதும் ஒரு நோட்டு, இவற்றோடு ஐந்து ஆண்டுப் பொறுமை.

எனவே அடுத்த இதழிலிருந்து ஒரு சிறு மாற்றம். மீட்புப் பணி பற்றி இங்கு வரும் கட்டுரைகளில் நட்ட எண்ணிக்கையோடு நான்கு விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம். விதை எந்த மலையில், எந்தத் தாய்ச்செடியில் எடுத்தது, அதன் மாதிரி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது. வேலைக்கு முன்னும் பின்னும் மண்ணின் ஆழமும் ஈரமும். நிலத்திலிருந்து எதை நிறுத்தினோம், அகற்றினோம்: தீயா, மேய்ச்சலா, வாய்க்காலா. மூன்றாம் ஆண்டின் இறுதியில் உயிரோடு இருப்பவை எத்தனை. நடாமலே விட்டு, தானாக என்ன வருகிறது என்று பார்த்த ஒரு துண்டு நிலமும் பக்கத்தில் இருந்தால் அந்தக் கட்டுரைக்கு முன்னுரிமை உண்டு.

தோல்வியடைந்த நடவுகளைப் பற்றி எழுதத் தயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்மித்தின் சோதனையில் நமக்குப் பாடம் சொன்னவை மடிந்த செடிகள்தான். உங்கள் நாற்று ஏன் தங்கவில்லை என்ற குறிப்பு எங்களுக்கு வேண்டும். அது இரண்டு பக்கமாக இருந்தாலும் அச்சிடுவோம்.